ஆட்சேபணைகள் ஆறு

புல எண் அறுநூற்றுப் பதினான்கு, உட்பிரிவு இரண்டு பி.
ஒரு ஏக்கர் நாற்பது சென்ட்.
நகராட்சி வரைபடத்தில் எங்கள் தோட்டம் பச்சை.
முதியோர் பராமரிப்பு இல்லம் கட்ட வேண்டுமானால்
அது சிவப்பாக மாற வேண்டும்.
எழுத்தர் ஸ்கெட்ச் பேனாவின் மூடியைக் கழற்றினார்,
மறுபடி மூடினார்.
"முப்பது நாள் டைம் இருக்கும்மா.
யாராவது எழுதிப் போடுவாங்க."

எழுதிப் போட்டார்கள்.

பூண்டுக்காரர் மாசிலாமணி தண்ணீரைப் பற்றி:
நாற்பது படுக்கை, நாற்பது பேர் துணி,
என் பாத்திக்கு வருமுன் ஓடை தீர்ந்துபோகும்.
நியாயம்தான்.
ஏப்ரலில் அந்த ஓடையை ஒரே எட்டில்
செருப்பு நனையாமல் தாண்டியிருக்கிறேன்.

மேல் வளைவில் காட்டேஜ் நடத்தும் கிருபாகரன்
தட்டச்சு செய்து இரண்டு பக்கம்.
தேனிலவுக்கு வருகிறவர்கள் ஜன்னலைத் திறந்தால்
பள்ளத்தாக்குதான் தெரிய வேண்டுமாம்,
சக்கர நாற்காலி அல்ல.
ஆம்புலன்ஸ் சத்தம் வேறு, 'குறிப்பாக இரவில்'.
முப்பத்தோரு வருடம் இரவுப் பணி பார்த்தவள் நான்.
சாவு சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை, கிருபாகரன்.
சத்தமெல்லாம் பிழைக்க வைக்கிற வண்டியுடையது.
இதை அங்கே சொல்லவில்லை.

பாதை பதினொரு அடிதான் என்று ஒருவர்.
செப்டிக் டேங்க் என்று ஒருவர்.
மண் சரிந்த வருடத்தை நினைவூட்டி ஒருவர்.
ஆறாவது, பஞ்சவர்ணம்:
பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்
வழியில் தினம் ஒரு பாடை பார்க்கணுமா?
அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும்
வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தவள் அவள்தான்.
பிள்ளையைக் கூட்டிக்கொண்டுதான் வருவாள்.

ஏழாவதில் கையெழுத்து இல்லை.
கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள்.
"மேற்படி இடத்தில் பேரி மரங்கள் பதினேழு.
அவை இன்னும் காய்ப்பதை நிறுத்தவில்லை
என்பதை அலுவலகம் கவனிக்க வேண்டுமாய்ப்
பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

எழுத்தெல்லாம் நடுக்கம்.
ஆனால் பதினேழின் அந்த 'ழு'வை
மேலே ஏற்றி ஒரு சுழி போட்டு முடிக்கிற கை
எங்கள் வீட்டில் ஒன்றுதான்.
மனுவில் எனக்கு முன்னால்
முதல் கையெழுத்துப் போட்ட அதே கை.

"பேரில்லாத கடுதாசி செல்லாதும்மா, எடுத்துடவா?"
"இருக்கட்டும்.
அதுக்கும் ஒரு வரிசை எண் போடுங்க."

அண்ணன் ஜீப்பில் உட்கார்ந்திருந்தான்.
படி ஏறுவதில்லை இரண்டு வருடமாய்.
சட்டைப் பொத்தான் நான் போட்டுவிடுவது.
ஒவ்வொரு காலையும் மேல் பொத்தானை
அவனே போடட்டும் என்று விட்டு,
பத்து வரை எண்ணி,
பிறகு போட்டுவிடுவேன்.
பிளானில் கிழக்குப் பார்த்த முதல் அறைக்கு
நிலைப்படி வேண்டாம் என்று
இஞ்சினியரிடம் சொல்லியிருக்கிறேன்.
யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை.
காகிதத்தை மடியில் விரித்து
அந்த அறையின் மேல்
அண்ணன் வெகுநேரம் கை வைத்திருந்தான்.
நடுக்கத்தில் தாள் சரசரத்தது.
நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

"எத்தனை பேர்?" என்றான்.
"ஆறு."

ஏரியைத் தாண்டி, சந்தையைத் தாண்டி,
வில்பட்டிக்கு இறங்கும் சாலையில் மூடுபனி.

"மாசிலாமணி தண்ணி விஷயம் எழுதியிருப்பானே."
"எழுதியிருக்கார்."
"அவன் சொல்றது சரி."
"சரிதான். மழைத்தொட்டி கட்டணும்."

கையைத் தொடைக்குக் கீழே வைத்து
அழுத்திக்கொண்டான்.
அப்படி வைத்தால் கொஞ்சம் அடங்கும்.

"மரத்தைப் பத்தி
யாரும் எழுதலியா?"

கொண்டை ஊசி வளைவு.
டிரைவர் ஹார்ன் அடித்தார்,
எதிரே வண்டி எதுவும் இல்லாமலே
இரண்டாம் முறையும்.